லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் வந்த வீடு

மாடம்பாக்கம் பூந்தளிர் அடுக்ககத்தின் ஏ பிளாக்கில், லிஃப்ட்டுக்கும் சங்க அலுவலகத்துக்கும் நடுவில், அதுவரை இரண்டு தொட்டிச் செடிகள் வாடிக்கொண்டு நின்ற இடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பால் பாக்கெட் வருவதற்கு முன்பே அந்த வீடு வந்து உட்கார்ந்திருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நீலச் சுவர், வாசலில் கயிற்றுக் கட்டில், கட்டிலில் விரித்த சாக்கின் மேல் காயும் நெத்திலி, பக்கத்தில் ஓலை விசிறியால் காக்காய் விரட்டிக்கொண்டு ஒரு அம்மாள். நாலடி இடத்துக்குள் ஒரு முழு வீடு எப்படிக் கொண்டது என்று என்னைக் கேட்காதீர்கள், கொண்டது. வாட்ச்மேன் பலராமன்தான் முதலில் பார்த்தார், கேட்டைத் தாண்டி லாரி எதுவும் வரவில்லையே என்று ஒரு நிமிஷம் யோசித்தார், யோசித்துவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார்.

பூந்தளிர்க்காரர்களுக்கு ஒரு வீடு ராத்திரியோடு ராத்திரியாக முளைத்ததில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவர்களுடைய கவலையெல்லாம் வேறு. இந்த வீட்டுக்கு எந்த நம்பர் போடுவது, இது தரைத்தளமா பொதுஇடமா, இவர்களுக்கு கார் நிறுத்த இடம் கொடுக்க வேண்டுமா, முக்கியமாக இந்தக் கருவாட்டு நாற்றத்தை யார் பொறுத்துக்கொள்வது என்று வாட்ஸ்அப் குழுவில் மதியம் வரை ஒரே களேபரம். சங்கச் செயலாளர் தணிகாசலம், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர், எதற்கும் ஒரு முறை வேண்டும் என்பவர், கட்டடம் முழுக்க ஒரே நிறமாக இருப்பது விதி என்பதால் முதலில் சுவருக்கு க்ரீம் கலர் அடிக்கச் சொன்னார். பெயின்டர் அடித்தார். அடித்து இறங்கி டீ குடித்துத் திரும்புவதற்குள் சுவர் பழையபடி நீலமாகியிருந்தது. மறுபடி அடித்தார், மறுபடி நீலம். கடைசியில் தணிகாசலமே அந்த நீலமும் ஒன்றும் மோசமில்லை, கண்ணுக்குக் குளிர்ச்சிதான் என்று தீர்மானம் போட்டுவிட்டார்.

அந்த வீடு எப்படி வந்தது என்பது பூந்தளிரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ப்ரீத்திக்கு.

ப்ரீத்தி வெப்சைட் செய்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவள். அடுக்ககத்துக்கென்று ஒரு இணையப்பக்கம் வேண்டும் என்று தணிகாசலம் கேட்டபோது, அதற்கென்ன சார், நானே செய்து தருகிறேன் என்று ஆசையாக ஒத்துக்கொண்டு, அலுவலகத்தில் பழகிய, பக்கம் கட்டுவதற்குச் சாரம் மாதிரி உதவுகிற அதே ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்கிலேயே கட்டினாள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஒரு சின்ன ஹெச்டிஎம்எல் கோப்பு, பெரிய பக்கம் அவற்றையெல்லாம் இழுத்துவந்து தனக்குள் உட்காரவைத்துக்கொள்ளும், அதுதான் ஏற்பாடு. வெளியில் எங்கோ இருக்கிற கோப்பையும் இப்படி இழுக்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்க அவளுக்கு வெளிக்கோப்பு ஒன்று வேண்டியிருந்தது. அவசரத்துக்குக் கை தானாகப் போய் ஒரு பழைய இணைய முகவரியைத் தட்டியது; கல்லூரியில் முதன்முதலாக அவள் செய்து பழகிய பக்கம், 'மாரிக்கனி கருவாடு' என்று அம்மாவின் பெயரில். ஃப்ரேம்வொர்க் லேசில் விடாது. இது வெளியிலிருந்து வருகிறது, இதை நம்பலாமா என்று கேட்கும். நம்பலாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். சோதனை முடிந்தது, வேலை செய்தது, சந்தோஷத்தில் அந்த வரியை எடுக்க மறந்து பக்கத்தை அப்படியே ஊருக்குத் திறந்துவிட்டாள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த மறதியைத் தாங்களும் ஒருமுறையாவது செய்ததாகத்தான் சொல்வார்கள், ஆனால் அவர்கள் யாருக்கும் வீடு வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை லிஃப்ட்டில் இறங்கி, கதவு திறந்ததும், எதிரே அம்மா. அதே பச்சை நூல்சேலை, அதே கொண்டை, இடுப்பில் சொருகிய சுருக்குப்பை. லிஃப்ட்டில் அவளோடு இறங்கிய வேதவல்லி மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு, யாருடி இது, உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். ப்ரீத்தி கைபேசியைப் பார்த்தாள், ஏதோ அவசரச் செய்தி வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள், தெரியலையே மாமி என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்க்க நடந்தாள். அம்மா கட்டிலிலிருந்து எழுந்தது ஓரக்கண்ணில் பட்டது. காக்காய் விரட்ட எழுந்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்த மாதிரி இழுத்துவந்த கோப்பு இங்கே தெரியுமே தவிர, அங்கிருந்து இங்கே எதுவும் தெரியாது, அதுதானே விதி என்று காரில் ஏறி பெல்ட் போடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்று முழுக்க அலுவலகத்தில் அவளுக்கு வேலை ஓடவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாள் என்றால், அதற்கு முன்னாலேயே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. பூந்தளிருக்குக் குடிவந்தபோது, பால் காய்ச்சின அன்று, அப்பா அம்மா என்ன பண்றா என்று வேதவல்லி மாமி சும்மா கேட்டாள். அப்பா இல்லை என்று உண்மையைச் சொன்னவள், அம்மா தெற்கே ஏரல் பக்கத்தில் சந்தை சந்தையாகக் கருவாடு விற்கிறாள் என்று சொல்ல வாயெடுத்து, கடல் உணவு ஏற்றுமதி என்று முடித்தாள். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் கௌதம் திரும்பிப் பார்த்துவிட்டு டம்ளர்களை எடுக்கப் போனான். அந்த விசேஷத்துக்கு அம்மாவை அழைக்கவும் இல்லை; பெருசா ஒண்ணும் செய்யலம்மா, சும்மா பால்தான் காய்ச்சுதோம் என்று போனில் சொல்லி முடித்துவிட்டாள். ப்ரீத்தி என்ற பெயரும் சென்னைக்கு வந்த பிறகு வைத்துக்கொண்டதுதான். அம்மா வைத்த பெயர் பேச்சியம்மாள். வீடு கௌதம் பெயரில் இருந்ததால் பூந்தளிரில் ஒருவருக்கும் அது தெரிய வழியில்லாமல் போயிற்று.

இனி அந்த வீட்டின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிக்கோப்பை உள்ளே விடும்போது அதன் தோற்றத்தைத்தான் விடுவார்கள், அதற்குள் ஓடுகிற நிரல் எதையும் ஓடவிட மாட்டார்கள். அதனால் அந்த வீட்டில் எல்லாம் இருந்தது, ஒன்றும் வேலை செய்யவில்லை. பிள்ளைகள் உள்ளே எட்டிப் பார்த்து சுவிட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றாது, குழாயைத் திருகினால் தண்ணீர் வராது, அம்மாள் வாய் திறந்து என்னவோ பேசுவாள், பேச்சு கேட்காது. கருவாட்டை இலையில் சுற்றி நீட்டுவாள். வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டினால் கையில் ஒன்றும் இருக்காது, மணம் மட்டும் இருக்கும். நாளாக ஆக அந்த மணத்துக்கே ஆள் வர ஆரம்பித்தார்கள். பி பிளாக்கில் இருந்த ஒரு தூத்துக்குடி வாத்தியார் தினமும் சாயங்காலம் வெறுங்கையை முகர்ந்துகொண்டு மாடியேறி வெறும் ரசஞ்சாதத்தை மூன்று கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். வேதவல்லி மாமியேகூட, நமக்கு அந்த வாடை ஆகாதுதான், ஆனா பாவம், ஒத்தையா உக்காந்துண்டிருக்கா என்று நாற்காலி கொண்டுவந்து எட்டப் போட்டு உட்கார்ந்து, தன் மருமகள் செய்வதையெல்லாம் அவளிடம் கொட்டத் தொடங்கினாள். ஒரு வார்த்தைகூட எதிர்ப்பேச்சு வராத இடம் மாமிக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. போகவரப் பெரியவர்கள் கும்பிட்டார்கள், அம்மாள் பதிலுக்குக் கும்பிட்டாள். சங்கக் கூட்டத்தில் அவளைப் பற்றிப் பேசும்போது 'நம்ம கீழ்வீட்டம்மா' என்று பேசினார்கள்.

உள்சுவரில் வரிசையாகச் சட்டம் போட்ட படங்கள் மாட்டியிருந்தன. ஆனால் படத்துக்கு உண்டான கோப்புகள் அம்மாவின் பக்கம் இருக்கும் இடத்தில் இருந்தன, பூந்தளிர் பக்கம் தன் அலமாரியில் தேடினால் எப்படிக் கிடைக்கும். படம் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் என்ன படம் என்று எழுதிவைத்த எழுத்து மட்டும் வந்து நிற்கும். எனவே அந்தச் சட்டங்களுக்குள் முகமே இல்லை, எழுத்துதான் இருந்தது. 'அப்பா, சைக்கிளுடன்.' 'அம்மா, சந்தையில்.' எல்லாவற்றிலும் பெரிதாக, நடுவில், மாலைக்கு ஆணி அடிக்காமல் பூ மட்டும் செருகிய சட்டத்தில், 'என் மகள் பேச்சியம்மாள், கல்லூரி முதல் நாள்.'

அதை முதலில் வாசித்தவள் வேதவல்லி மாமி. மாமிக்கு மனசு ஆறவில்லை. பெற்ற பெண்ணின் போட்டோகூட இல்லாமல் பேரை மட்டும் எழுதி மாட்டிவைத்திருக்கிறாளே, அந்தப் பெண் காணாமல்தான் போயிருக்க வேண்டும், இவள் வாசலில் உட்கார்ந்து வழியைப் பார்ப்பது அவளுக்காகத்தான் என்று குழுவில் எழுதினாள். அவ்வளவுதான், பூந்தளிர் முழுக்க இளகிவிட்டது. கதவுக்கு மேல் எழுதியிருந்த போன் நம்பரை அழைத்தார்கள். அம்மா எப்போதோ விட்டுவிட்ட நம்பர் அது, இப்போது ஓசூரில் யாரோ வைத்திருந்தார், அழைத்தவர்களை எல்லாம் திட்டினார். ஊர் பெயர் எங்கும் இல்லை. ஊரே அறிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்று அந்தப் பக்கத்தைச் செய்த காலத்தில் அம்மாதான் வேண்டாமென்றிருந்தாள். அட்டையில் எழுதிக் காட்டினார்கள், அம்மாளுக்குப் படிக்கத் தெரியவில்லை. கடைசியில் தணிகாசலம் தலைமையில் பேச்சியம்மாளைக் கண்டுபிடிக்க ஒரு குழு போட்டு, இணையப்பக்கத்தில் மேலேயே ஓர் அறிவிப்பு வர வேண்டும் என்று ப்ரீத்தியிடம் சொன்னார்கள்.

அவள் செய்தாள். தானே உட்கார்ந்து, எழுத்தைப் பெரிதாக்கி, சிவப்புக் கட்டம் கட்டி, 'பேச்சியம்மாள், எங்கிருந்தாலும் வரவும். உன் அம்மா காத்திருக்கிறார்' என்று போட்டாள். போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கௌதம் நல்லவன்தான், ஆனால் வழவழா கொழகொழா. ஒரு வரிதானே, எடுத்துடேன் என்பான். கொஞ்ச நேரம் கழித்து, இல்லேன்னா சொல்லிடேன் என்பான். இரண்டும் அவளுக்குத் தெரியாதா. எத்தனையோ தடவை அந்த வரிக்குப் போய் நின்றாள். அழித்தால் அம்மா இங்கே இருக்க மாட்டாள். கீழே போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போனாலும், பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் அம்மாவின் காலும் விசிறியும் தெரியும், அதைப் பார்க்காமல் தூக்கம் வராது என்று ஆகியிருந்தது. அழிக்க மனசு வரவில்லை, சொல்ல வாய் வரவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்புவாள்.

ஒருநாள் போனில் அம்மா தானாகவே பேச்செடுத்தாள். கொஞ்ச நாளாக நம்ம வீட்டு வாசலுக்கு எதிரே ரோட்டைக் காணோம், ஒரு பெரிய பங்களா மாதிரி தெரியுது, பெரிய பெரிய ஆளுகளா நடமாடுதாவ, கும்பிடுதாவ, ஒரு மாமி வந்து உக்காந்து வாயை வாயை அசைக்கா, சத்தமே கேக்கல என்று சிரித்தாள். ஊர்க்காரர்களும் வந்து பார்த்துவிட்டு, உனக்கு நல்ல காலம்தான் மாரிக்கனி, தினமும் சீமான்கள் கும்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். பேச்சியம்மாள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"அதுல ஒனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"இல்லட்டி," என்றாள் அம்மா. "நமக்குத் தெரிஞ்ச ஆளு யாரும் இல்ல."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அவள் சில நாள் நிம்மதியாக இருந்தாள்; பார்க்கவில்லை, அம்மா என்னைப் பார்க்கவில்லை என்று. நிம்மதியாக இருந்தோமே என்று பிறகு அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

தணிகாசலம் யோசிக்கிற ஆள். உலகத்தில் இத்தனை இடம் இருக்க இந்த வீடு பூந்தளிருக்கு ஏன் வர வேண்டும், அந்தப் பெண் இங்கேதான் இருக்கிறாள், ஏதோ காரணத்தால் சொல்லாமல் இருக்கிறாள் என்று அவர் முடிவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பூந்தளிரில் உள்ள பெண்கள் அத்தனை பேரும், குடியிருப்பவர்கள், வீட்டுவேலைக்கு வருகிறவர்கள், தோட்டத்தைக் கூட்டுகிறவர்கள் எல்லோரும், வரிசையாக அந்த வாசலில் வந்து நிற்க வேண்டும், பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாமலா போகும் என்றார். யாரும் மறுக்கவில்லை. சாமி கும்பிடப் போவதுபோல் குளித்துத் தலைசீவி வந்தார்கள். தணிகாசலம் சட்டத்தில் உள்ள எழுத்தைத் தொட்டுக் காட்டி, வரிசையைக் காட்டி, கையை விரித்துக் கேட்டதும் அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது; அவள் வீட்டுச் சுவரில் அந்தச் சட்டத்துக்குள் மகளின் படமே இருந்ததல்லவா. ஒவ்வொருத்தியையும் முகம் பார்த்துச் சிரித்து, இல்லை என்று தலையசைத்தாள். சமையல் வேலை செய்யும் அஞ்சலை தாய் இல்லாத பெண். நானாக இருந்தால் என்ன என்கிற ஆசையோடு போய் நின்றாள், அம்மாள் அவள் கன்னத்தைத் தொடப் போவதுபோல் கையை நீட்டிவிட்டு அவளுக்கும் இல்லை என்று தலையசைத்தாள்.

ப்ரீத்தியின் முறை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றாள். அம்மா அவளுடைய வெட்டிய கூந்தலைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், காலில் மெட்டி இருக்கிறதா என்று பார்த்தாள், நிதானமாக, அவசரமே இல்லாமல் பார்த்தாள். பார்த்துவிட்டு, சிரிக்காமல், இல்லை என்று தலையசைத்தாள். அவள் நகராமல் நிற்பதைப் பார்த்து, போ, அடுத்த ஆள் வரட்டும் என்று கையைக்கூட ஆட்டினாள்.

அப்போதுதான் அவளுக்கு வாய் வந்தது. "நான்தான் பேச்சியம்மா," என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "இவங்க எங்க அம்மா."

வரிசை கலைந்தது. பிறகு வேதவல்லி மாமி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், என்ன மனசுடி உனக்கு, யாரோ ஒருத்தி ஏங்கப்படாதுன்னு நீ பொண்ணா நிக்கறியே, உன்னைப் பெத்தவா அவ்வளவு பெரிய ஏற்றுமதிக்காரா, துளி கர்வம் உண்டா உனக்கு என்றாள். ப்ரீத்தி விலக்கிக்கொண்டு, இல்லை மாமி, நெஜம்மாவே எங்க அம்மாதான் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா," என்றார். "இனிமே இவங்க நம்ம எல்லாருக்குமே அம்மாதான்."

கைதட்டினார்கள். வாத்தியார்கூடத் தட்டினார். அவர்களுக்கு நடுவில், பாராட்டு மழையில், பேச்சியம்மாள் கூனிக்குறுகி நின்றாள். பொய் சொன்னபோது நம்பினார்கள், இப்போது உண்மையைச் சொன்னதற்கு அவளை இன்னும் உயரத்தில் தூக்கி வைத்துவிட்டார்கள், இதைவிட முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். எதிரே அம்மா குனிந்து நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மாடிக்கு ஓடி போன் போட்டாள். ஏன் இல்லை என்று சொன்னாய் என்று கேட்டாள். எதைச் சொல்லுத, எனக்கு ஒண்ணும் விளங்கல என்று அம்மா கொஞ்ச நேரம் மழுப்பினாள், கண்ணு இப்பல்லாம் சரியாத் தெரிய மாட்டேங்குது என்றாள். இவள் விடவில்லை. கடைசியில் அம்மா சொன்னாள்:

"மொத நாளே பாத்தேன்லா பேச்சி. என்னைப் பாத்துட்டு நீ போனைப் பாக்க மாதிரி போனியே. அப்பவே விளங்கிட்டு. அவளுக்கு அங்க ஏதோ சங்கடம் இருக்கு, நாமளா போய்ப் பிள்ளை பொழப்பைக் கெடுத்துரக் கூடாதுன்னு இருந்துக்கிட்டேன். இன்னைக்கும் நான் சரியாத்தான தலையாட்டுனேன்?"

சரியாகச் செய்தேனா என்று அம்மா கேட்டதுதான் தாங்க முடியவில்லை. போனை வைத்தாள். ஒரு பையில் இரண்டு துணியைப் போட்டுக்கொண்டு, கௌதமிடம் மட்டும் சொல்லிவிட்டு, பின்பக்கப் படி வழியாக இறங்கி, திருச்செந்தூர் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் காலை ஏரலில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, வீட்டுக்குப் பின்பக்கச் சந்து வழியாகப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக வெயில் ஏறியிருந்தது. அம்மா சண்டை போடவில்லை, கேள்வி கேட்கவில்லை. தின்னியா என்று மட்டும் கேட்டாள். இவள் முகம் கழுவிவிட்டு நேராக வாசலுக்கு வந்து கட்டிலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலியில் ஒட்டிய மண்ணைத் தட்டத் தொடங்கினாள். இங்கே குழாயில் தண்ணீர் வந்தது, உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே, ரோடு இருக்க வேண்டிய இடத்தில், பூந்தளிரின் பளிங்குத் தரையும் லிஃப்ட் கதவும் தெரிந்தன. லிஃப்ட்டுக்கு மேல் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன.

"ஏட்டி, எந்திச்சு உள்ள போ," என்றாள் அம்மா அவசரமாக. "அந்த மாமி வார நேரம். பாத்துருவாவ."

அவள் எழுந்திருக்கவில்லை. லிஃப்ட் கதவு திறந்தது. மாமி ஒரு கையில் நாற்காலியோடு இறங்கினாள், பின்னாலேயே பேப்பரோடு தணிகாசலம். அம்மா சட்டென்று எழுந்து, இரண்டு கையாலும் முந்தானையை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு, மகள் அவர்கள் கண்ணில் படாதபடி மறைத்து நின்றாள். அந்த வயசான முதுகும், வியர்வையில் ஒட்டிய ரவிக்கையும், சேலைக்கு மேலே கொஞ்சூண்டு தெரிந்த மாமியின் நெற்றியும்தான் பேச்சியம்மாளுக்குத் தெரிந்தன.

"தள்ளிக்கோம்மா," என்றாள்.

அம்மா திரும்பாமலே, பல்லைக் கடித்துக்கொண்டு, அவர்களுக்குத்தான் கேட்காதே என்பதையும் மறந்து ரகசியம்போலக் கேட்டாள்: "ஒனக்கு வெக்கமா இருக்காதாட்டி?"

"இருக்கும்மா," என்றாள் பேச்சியம்மாள். "ரொம்ப வெக்கமா இருக்கு. நீ தள்ளு."